கீழாநெல்லியின் முனைவர் பட்டம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் கீழாநெல்லி ஆறு வருஷமாக ஆராய்ச்சி மாணவராக இருந்தது. சாத்தூர்க்காரி சங்கரேஸ்வரி அதன் ஆய்வு மாதிரியாக இருந்தாள். மாதிரி எண் 4117. இதைத் துறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் முறைப்படி பதிவேட்டில் இருந்தது.

தப்பு அவளுடையதுதான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வாரம், ஊர் பேருந்து நிலையத்து மதிலோரம் ஒரு கீழாநெல்லிச் செடியைப் பிடுங்கினாள். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, ஹெர்பேரியத்துக்குக் கொண்டுபோனாள். காய்ந்த செடிகளை அட்டை அட்டையாக அலமாரியில் அடுக்கி வைக்கிற அறைக்கு அந்தப் பெயர். அங்கே பதிவேட்டில் ஐந்து கட்டங்கள். எண், மாதிரியின் பெயர், கிடைத்த இடம், தேதி, சேகரித்தவர்.

மெஸ்ஸில் சாப்பாடு முடிந்துவிடுமே என்ற அவசரம் அவளுக்கு. இரண்டாவது கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். ஐந்தாவது கட்டத்தில் கீழாநெல்லி என்று எழுதினாள். கிடைத்த இடம் இரண்டு பேருக்கும் சாத்தூர் பேருந்து நிலையம்தான். அவளுடைய அப்பா சுப்பையா அங்கேதான் வெள்ளரிக்காய் விற்றார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாப்பாடும் முடிந்துபோயிருந்தது.

மறுநாள் காலை அவளுடைய மேஜையில் கீழாநெல்லி இருந்தது. அடையாள அட்டை போட்டிருந்தது. புகைப்படத்தில் நன்றாகவே விழுந்திருந்தது.

ஹெர்பேரியத்துக்குப் பொறுப்பு தவமணி அக்கா. கெட்டவள் இல்லை. சட்டம் என்றால் சட்டம் என்று இருக்கிறவள், அவ்வளவுதான். சங்கரேஸ்வரி அவளிடம் ஓடினாள்.

"அக்கா, கட்டம் மாறிப் போச்சுக்கா. அடிச்சுட்டு எழுதிரட்டுமா?"

"ரெஜிஸ்டர்ல அடிச்சு எழுதக் கூடாது புள்ள. திருத்தப் படிவம் இருக்கு. சேகரிச்சவர் கையெழுத்து வாங்கிட்டு வா."

"சேகரிச்சவர் நான்தானக்கா."

தவமணி அக்கா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இல்லையே. கீழாநெல்லின்னுல்ல போட்டுருக்கு."

சங்கரேஸ்வரி படிவத்தைக் கீழாநெல்லிக்கு முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். பதினோரு நாள் காத்திருந்தாள். அது கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் படிக்க நிறைய இருந்திருக்கும்.

வழிகாட்டியிடம் முறையிடலாம் என்று போனாள். பேராசிரியர் இருதயராஜ் இரண்டு வருஷமாக ஒரு கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிகிற மாதிரி இல்லை. அதனால் அவருடைய இடது பாதியைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வலது பாதியை மாணவர்களுக்கு ஒதுக்கியிருந்தார். வலது பாதி கதவுக்கு வெளியே நின்று கையெழுத்துப் போடும்.

"சார், நான்தான் சார் உங்க ஸ்டூடன்ட்" என்றாள் சங்கரேஸ்வரி.

"எனக்கு ஒரு ஸ்டூடன்ட்தான்" என்றது வலது பாதி. "எதுத்துப் பேசாது. லீவு கேக்காது. இப்படி ஒரு பிள்ளை கெடைக்கிறது குதிரைக் கொம்பு. நீங்க மாதிரியா? நல்லா ஒத்துழைப்புக் குடுங்க."

என்ன செய்வாள்? அழுதாள். அரை நாள் அழுதுவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள். மாதிரிகள் ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சொல்லப்போனால் மாதிரிகள் அங்கேதான் இருக்க வேண்டும்.

அப்படியே ஆறு வருஷம் ஓடியது. மணிக்கட்டில் 4117 என்று சீட்டு கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தவமணி அக்கா வந்து அவள் பையில் மூன்று பாச்சை உருண்டை போட்டுவிட்டுப் போவாள். பூச்சி அரிக்காமல் இருக்க. சங்கரேஸ்வரியோ தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தாள். கீழாநெல்லி பொழுது சாயும்போது இலையை மூடிக்கொள்ளும். அது எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. இரண்டு வருஷம், தினமும் மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை, தோட்டத்துச் செடிகளுக்கு முன்னால் குந்தியிருந்து இலை இலையாகக் குறித்தாள். வெட்டினாள், சாயம் ஏற்றினாள், நுண்ணோக்கியில் கண் வலிக்கப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அதனால் பார்த்தாள்.

ஆறாம் வருஷக் கடைசியில் ஆய்வேட்டை எழுதி முடித்து அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள். மாதிரிகளிடம் ஆய்வேடு வாங்குவதில்லை என்றார்கள். அதோடு ஒரு செய்தியும் சொன்னார்கள். அவளுடைய ஆராய்ச்சி மாணவர் ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பச்சைப் பைண்டு.

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. 'கீழாநெல்லி அவர்களின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. பொருள்: சு. சங்கரேஸ்வரியின் வளர்ச்சியும் ஒளிநாட்டமும். நேரம்: முற்பகல் பதினொன்று. அனைவரும் வருக. தேநீர் உண்டு.'

கீழே தவமணி அக்காவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. தேர்வு முடிந்ததும் ஆய்வுக்கு அடிப்படையான மாதிரி அட்டையில் ஒட்டப்பட்டு, பன்னிரண்டாம் அலமாரி, நடுத்தட்டில் நிரந்தரமாக வைக்கப்படும்.

சங்கரேஸ்வரி விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, பட்டம் போகிறது. இரண்டு, ஆளே அலமாரிக்குள் போகப்போகிறாள். ஆறு வருஷம் உழைத்தது ஒரு நடுத்தட்டுக்கா?

தவமணி அக்கா அளவு எடுக்க வந்தாள். ஐந்தரை அடிக்கு அட்டை கிடைக்காமல் நாலு அட்டையைச் சேர்த்துத் தைத்திருந்தாள்.

"வலிக்காதுத்தா" என்றாள். "பசை நல்ல பசை. நடுத்தட்டு காத்தோட்டமா இருக்கும். நானே சொல்லி வாங்கியிருக்கேன்."

"எனக்கு அலமாரி வேணாம்க்கா. எனக்குப் பட்டம் வேணும்."

"எல்லாருக்கும் ஆசை இருக்கத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு நூலால் அவள் தோளை அளந்தாள்.

தேர்வன்று காலை ஏழு மணி பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். கையில் ஒரு சாக்குப் பை நிறைய வெள்ளரிக்காய். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அறிவிப்புத் தாளில் மகள் பெயரைக் கண்டுபிடித்து அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

"ஓம் பேரு போட்டுருக்காக தாயி. தெரு பூராம் சொல்லிட்டுத்தான் வாரேன். டாக்டருன்னா ஊசி போடுவியா?"

"இல்லப்பா."

"மாத்திரையாச்சும் எழுதிக் குடுப்பியா?"

"இல்லப்பா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப யாரும் ஒன்னயத் தூக்கத்துல எழுப்ப மாட்டாக. நல்ல வேலதான்."

அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த மனுஷனிடம் போய் உங்கள் மகளை ஒட்டப்போகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? எட்டு மணிக்கே இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

எட்டு மணிக்கே ஏன் என்றால், தாவரவியல் துறையின் தாழ்வாரம் வளர்கிற வகை. நுனியில் வளரும். தினம் பதினோரு தரை ஓடு. மழைக்காலத்தில் கூடுதல். முன்பு ஒருவர் அதை அளந்தே பட்டம் வாங்கிவிட்டுப் போனார். வாய்மொழித் தேர்வு அறையோ நுனியில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷ நடை. இப்போது மூன்று மணி நேரம். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள்.

நடக்கும்போதே அவள், அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருந்த அந்தப் பச்சைப் பைண்டைப் படித்தாள். திட்டிக்கொண்டே படிக்கலாம் என்றுதான் எடுத்தாள். ஒரு காய்ந்த களை என்னத்தை எழுதிக் கிழித்திருக்கும் என்று.

'மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள். மாதிரி மதியம் சாப்பிடவில்லை. ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றது.'

'பதினான்காம் மாதம். சோதனை நான்காவது முறையாகத் தோற்றது. மாதிரி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஐந்தாவது முறையாகத் தொடங்கியது. காரணம் தெரியவில்லை.'

'முப்பதாம் மாதம். மாதிரிக்குக் காய்ச்சல். தண்ணீர் ஊற்ற எனக்குக் கை இல்லை.'

சங்கரேஸ்வரி அந்த வரியில் நின்றுவிட்டாள். ஆறு வருஷம் அந்தத் துறையில் யாருமே தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தாள். ஒருவர் கவனித்திருக்கிறது. ஒரு நாள் விடாமல் கவனித்திருக்கிறது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"என்னத்தா, கால் வலிக்குதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நல்லா எழுதியிருக்கு."

"நீ எழுதுனது நல்லாத்தான இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிக் கொடுத்தார்.

அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தேநீருக்கு வந்தவர்கள். வலது பாதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர் பேராசிரியர் அமலோற்பவ மேரி. குட்டையான அம்மாள். சிரிக்காத முகம். பக்கத்தில் ஒரு சூட்கேஸ். மேடையில் கீழாநெல்லி அட்டையோடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தது. சங்கரேஸ்வரியைப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். தவமணி அக்கா பசை வாளியோடு ஓரமாக நின்றாள்.

"முதல் கேள்வி" என்றார் தேர்வாளர் கீழாநெல்லியைப் பார்த்து. "உங்க மாதிரி ஆறு வருஷமா ஏன் இங்கயே இருந்துச்சு?"

கீழாநெல்லி பதில் சொல்லவில்லை. ஏழு நிமிஷம் போனது. தேர்வாளர் எதையோ எழுதினார்.

"சரி. ஆராய்ச்சியாளர் பேசலைன்னா மாதிரியைச் சோதிக்கணும். மாதிரி காய்ஞ்சிருக்கா?"

"காஞ்சிருச்சு மேடம்" என்றாள் தவமணி அக்கா. "ஆறு வருஷமா பாச்சை உருண்டை வெச்சிருக்கேன்."

"நான் வாய் வார்த்தையை நம்புறதில்லை."

தேர்வாளர் சூட்கேஸைத் திறந்தார். உள்ளே மடக்குத் தராசு. தாவரவியல்காரர்கள் எதையும் காய்ந்துவிட்டது என்று சும்மா சொல்லிவிட மாட்டார்கள். நிறுப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி நிறுப்பார்கள். மூன்று முறை ஒரே எடை நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். நின்றுவிட்டால் அலமாரிதான்.

முதலில் கீழாநெல்லியை நிறுத்தார். அட்டை நீங்கலாக முக்கால் கிராம். மறுபடியும் முக்கால். மறுபடியும் முக்கால். வலது பாதி பெருமையாகத் தலையை ஆட்டியது.

பிறகு சங்கரேஸ்வரி ஏறி நின்றாள். நாற்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம்.

"அப்படியே நில்லுங்க. பத்து நிமிஷம். அதுவரைக்கும் பொதுவா ஒரு கேள்வி. கீழாநெல்லி இலையை ஏன் மூடுது? யாராவது சொல்லலாம்."

வலது பாதி, இதற்கான பதில் இடது பாதியிடம் இருப்பதாகச் சொன்னது. தேநீருக்கு வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். சங்கரேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாதிரிகள் பேசக் கூடாது. ஆனால் தெரிந்த கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

"பொழுது சாயுறதைப் பாத்து மூடலை மேடம்" என்று சொல்லிவிட்டாள். "கும்மிருட்டு அலமாரிக்குள்ள வெச்சுப் பாத்தேன். அங்கயும் சாயங்காலம் ஆனா மூடுது. காலையில தொறக்குது. நாலஞ்சு நாளைக்கு அப்படித்தான். வெளிச்சம் இல்லைன்னாலும் அதுக்குப் பொழுது தெரியுது. உள்ளயே வெச்சிருக்கு."

தேர்வாளர் தராசைப் பார்த்தார்.

"நாற்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரம்" என்றார். "ஏறியிருக்கு."

"ஈரம் மேடம்" என்றாள் தவமணி அக்கா பதறிப்போய். "அடுப்புல வெச்சிருவோம். அறுபது டிகிரி. ரெண்டு நாள்."

பின்னால் அப்பா எழுந்து நின்றார். அவருக்கு ஆராய்ச்சி தெரியாது. ஆனால் தராசு தெரியும்.

"ஏம்மா, எடை ஏறுனா நல்லதுதானம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். "நாங்க அதுக்குத்தான கடை வெச்சிருக்கோம்?"

"உக்காருங்க" என்றார் தேர்வாளர். பிறகு சங்கரேஸ்வரியிடம் திரும்பினார். "தெரிஞ்சதைச் சொன்னீங்க. தெரியாதது என்ன?"

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. மடை திறந்தது.

"மேகம் மூடுற அன்னைக்குச் சில செடி மட்டும் ஏன் முந்திக்குதுன்னு தெரியாது. அடியில இருக்கிற இலைக்கும் நுனி இலைக்கும் யார் சேதி சொல்றதுன்னு தெரியாது. ஒரே தொட்டியில ரெண்டு செடி இருந்தா ஒண்ணை ஒண்ணு பாத்து மூடுதான்னு தெரியாது. பாதையோரத்துல மிதிபடுறது ஏன் லேட்டா மூடுதுன்னு சுத்தமாத் தெரியாது. பதினாலு தடவை பாத்தேன். இன்னும் ஆறு வருஷம் குடுத்தாலும் எனக்குப் பத்தாது மேடம்."

"நாற்பத்தொன்பது" என்றார் தேர்வாளர். "ஐம்பது. ஐம்பத்திரண்டு." தராசின் கால் ஒன்று மெதுவாக மடங்கியது. "ஐம்பத்தாறு. தெரியாதது தெரிஞ்சதைவிடக் கனம் ஜாஸ்தி. சரிதான்."

"நிறுத்தாத தாயி, சொல்லு!" என்று அப்பா கத்தினார்.

அவள் சொன்னாள். அறுபத்தொன்றில் தராசு கையை விரித்துவிட்டது. தேர்வாளர் அதைப் பொறுமையாக மடித்துச் சூட்கேஸில் வைத்தார்.

"இது காயலை" என்றார். "காயுற மாதிரியும் தெரியலை. இதை அலமாரியில வெக்க முடியாது. அலமாரி தாங்காது."

தவமணி அக்கா பசை வாளியைக் கீழே வைத்தாள். நாலு அட்டை தைத்த வருத்தம் அவளுக்கு. ஆனால் இரண்டடி நடந்து வந்து, சங்கரேஸ்வரியின் மணிக்கட்டிலிருந்த சீட்டை அவளே பல்லால் கடித்து அவிழ்த்தாள். சீட்டைத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"கணக்குல வரலைன்னா வரலை" என்றாள். "போ."

அலமாரி தப்பியது. ஆனால் பட்டம்? வலது பாதி எழுந்து, மாணவர் கீழாநெல்லிதான் என்றது. பதிவேடு அப்படித்தான் சொல்கிறது என்றது. தேர்வாளர் கையை உயர்த்தினார்.

"முறைப்படி செய்வோம். குழு முடிவெடுக்கணும். சம்பந்தப்பட்டவங்க வெளிய இருங்க. டாக்டர்னு கூப்பிடுவோம். கூப்பிட்டா வரணும்."

"ரெண்டு பேருமா மேடம்?" என்றாள் சங்கரேஸ்வரி.

"வெளிய இருங்க."

கீழாநெல்லியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் ஒரு பெஞ்சு. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு அவள் பக்கம் தாழ்ந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. தாழ்வாரத்தின் நுனியில் கடைசி ஓட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓடு முளைத்துக்கொண்டிருந்தது. வெயில் அதன் மேல் விழுந்தது.

"முப்பதாம் மாசம் காச்சல்ல கெடந்தேன்ல" என்றாள் கீழாநெல்லியிடம். "யாரும் வந்து பாக்கலைன்னு நெனச்சேன்."

அட்டையின் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"ஒனக்குக் குடுத்தாலும் எனக்கு வருத்தமில்ல" என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தினாள். பொய் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை, அதுவும் தன்னை ஆறு வருஷம் உற்றுப் பார்த்த ஒருவரிடம். "இல்ல. வருத்தமாத்தான் இருக்கும். எனக்கு வேணும். அந்தக் கேள்வி எல்லாம் என்னோடது. ஒன்னயப் பத்தினது, ஆனா என்னோடது."

சொன்னதும் பெஞ்சு இன்னும் ஒரு விரல் தாழ்ந்தது.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. பேராசிரியர் அமலோற்பவ மேரியின் குரல் மட்டும் வந்தது.

"டாக்டர், உள்ள வரலாம்."

பெயர் சொல்லவில்லை. சங்கரேஸ்வரி கீழாநெல்லியைப் பார்த்தாள். அது முக்கால் கிராமில் அசையாமல் இருந்தது. எழுந்திருப்பதற்கு அது எந்த முயற்சியும் செய்யவில்லை. கூப்பிட்டது யாரை என்று கதவருகே போய்க் கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும். அதில் யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அவள் கேட்கவில்லை. எழுந்தாள். கனத்த காலை ஊன்றித்தான் எழ வேண்டியிருந்தது. கீழாநெல்லியை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே ஒருவர் எல்லோருக்கும் முந்திக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். வெள்ளரிக்காய் வியாபாரிகளுக்கு எப்போதும் அவசரம்தான்.

"வந்துட்டேன்" என்றாள் சங்கரேஸ்வரி.